எய்ட்ஸ் எங்கிருந்து வந்தது?

பெல்ஜியத்திடமிருந்து காங்கோ விடுதலை பெற்ற 1960-ம் ஆண்டில், அதன் தலைநகர் லியோபோல்ட்வில்லில் ஒரு பெண்ணின் நிணநீர்க் கணுவிலிருந்து சிறு துண்டு திசுவைப் பரிசோதனைக்காக வெட்டி எடுத்தார்கள். வழக்கம்போல ரசாயனத்தில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, பத்திரப்படுத்தினார்கள். அந்த நகரத்துக்கு இன்று கின்ஷாசா என்று பெயர். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, மைக்கேல் வொரோபி என்ற பரிணாம உயிரியலாளரின் குழு அந்த மெழுகுக் கட்டியைச் சுரண்டி ஆராய்ந்தது. ரசாயனத்தில் சிதைந்துபோன மரபுப்பொருளைத் துணுக்குத் துணுக்காக மீட்டு ஒட்டிப் பார்த்தபோது கிடைத்தது எச்.ஐ.வி. வைரஸ்.

அதே நகரத்தில் 1959-ல் ஓர் ஆணிடம் எடுத்த ரத்தத்திலும் எச்.ஐ.வி. இருந்தது 1998-லேயே உறுதியாகியிருந்தது. எனவே பழைய மாதிரியில் வைரஸ் இருந்தது மட்டும் செய்தியில்லை. ஓராண்டு இடைவெளியில், ஒரே ஊரில் எடுத்த அந்த இரண்டு வைரஸ்களும் ஒன்றுக்கொன்று வெகுவாக மாறுபட்டிருந்தன. எச்.ஐ.வி. பெருகும்போதெல்லாம் அதன் மரபணுவில் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். அவை சேரும் வேகம் ஓரளவு கணிக்கக்கூடியது. இரண்டு வைரஸ்களுக்கு இடையே எத்தனை மாற்றங்கள் என்று எண்ணினால், அவை எப்போது பிரிந்தன என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். கணக்கு 1908-ஐ ஒட்டி வந்து நின்றது. முன்பின்னாக 1884-க்கும் 1924-க்கும் இடைப்பட்ட காலம். அமெரிக்காவில் நோய் கண்டறியப்பட்டது 1981-ல். அதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே மனித உடலில் வைரஸ் குடியேறிவிட்டது என்பது இதன் பொருள்.

குடியேறிய இடமும் தெரியும். தென்கிழக்குக் கேமரூன் காடுகளில் சிம்பன்சிகளின் சாணத்தைத் தேடிச் சேகரித்து, பீட்ரிஸ் ஹான் குழு 2006-ல் விடை சொன்னது. உலகத்தை உலுக்கிய எச்.ஐ.வி. வகைக்கு மிக நெருங்கிய உறவுள்ள வைரஸ் அங்குள்ள சிம்பன்சிகளிடம் இருக்கிறது. வேட்டையாடிய விலங்கை அறுத்துக் கூறுபோடும்போது, கையில் இருந்த வெட்டுக்காயம் வழியாக அதன் ரத்தம் ஒருவருக்குள் போயிருக்க வேண்டும் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. 1950-களின் போலியோ சொட்டு மருந்தால்தான் பரவியது என்ற வாதம் ஒரு காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. மேலே சொன்ன காலக்கணக்கு ஒன்றே அதற்கு விடை: வைரஸ் அந்த மருந்துக்கு முந்தையது.

காட்டில் வேட்டை காலங்காலமாக நடந்துவந்த ஒன்று. அப்படியிருக்க இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏன் இது கொள்ளைநோயானது? எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமாகப் படும் கேள்வி இதுதான். யானைத் தந்தத்துக்கும் ரப்பருக்குமாகக் காலனி ஆட்சியாளர்கள் ஆறுகளில் நீராவிப் படகுகளை ஓட்டினார்கள். கேமரூன் காட்டிலிருந்து வரும் சாங்கா ஆறு காங்கோ ஆற்றில் கலக்கிறது. காங்கோ ஆற்றங்கரையில் லியோபோல்ட்வில். சுரங்கங்களுக்கு ஆள் வேண்டும், சரக்கு போக வேண்டும் என்று போட்ட ரயில் பாதைகளில், 1940-களின் இறுதியில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் அந்த நகரம் வழியாகப் போய்வந்தார்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுக் கூலி வேலைக்கு வந்த ஆண்கள் குவிந்த நகரம் அது. அங்கே பாலியல் தொழில் பெருகியது. ஊசிகளைச் சரியாகக் கொதிக்கவைக்காமல் பலருக்கும் போட்ட அக்கால மருத்துவ முகாம்களும் கைகொடுத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். காட்டிலேயே அடங்கியிருக்கக்கூடிய ஒரு தொற்றுக்கு நகரம் வழி திறந்துவிட்டது.

விடுதலைக்குப் பின் ஆசிரியர், மருத்துவர் பற்றாக்குறையைத் தீர்க்க, பிரெஞ்சு பேசும் ஹைட்டி நாட்டினர் காங்கோவுக்கு வேலைக்குப் போனார்கள். அவர்கள் நாடு திரும்பிய 1960-களின் மத்தியில் வைரஸ் ஹைட்டிக்கும், 1970-ஐ ஒட்டி நியூயார்க்குக்கும் வந்து சேர்ந்தது. தொற்றியதிலிருந்து எய்ட்ஸ் நிலைக்கு வர, சிகிச்சை இல்லாவிட்டால், சராசரியாகப் பத்து ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே 1981 ஜூன் 5 அன்று, லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து இளைஞர்களுக்கு அரிதான நிமோனியா என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் அறிவித்தபோது, பத்தாண்டுகளாகப் பரவிய தொற்றின் நுனி மட்டுமே வெளியே தெரிந்தது. 1983-ல் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லூக் மோன்தானியே குழு வைரஸைப் பிரித்தெடுத்தது.

ஆனால் வைரஸைத் தேடியவர்களைவிடக் குற்றவாளியைத் தேடியவர்கள் அதிகம். ஓரினச்சேர்க்கையாளர்கள், போதை ஊசி போடுவோர், ரத்தம் உறையாமை நோயாளிகள், ஹைட்டியர்கள் என்று ஆட்களைப் பட்டியல் போட்டார்கள். ஒரு நாட்டின் குடிமக்கள் என்பதற்காகவே ஹைட்டியர்கள் வேலை இழந்தார்கள். அவர்களின் பிள்ளைகள் பள்ளியில் ஒதுக்கப்பட்டார்கள். அவர்கள் ரத்த தானம் செய்யக்கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1990-ல் சொன்னபோது, ஏப்ரல் 20 அன்று பல்லாயிரம் பேர் புரூக்ளின் பாலத்தைக் கடந்து ஊர்வலம் போனார்கள். அந்தத் தடை பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது.

கனடாவைச் சேர்ந்த விமானப் பணியாளர் ஒருவர் 1984-ல் எய்ட்ஸால் இறந்தார். அமெரிக்காவுக்கு நோயைக் கொண்டுவந்த முதல் ஆள் என்று, இறந்த பிறகு அவர் பெயரைப் பத்திரிகைகள் பறைசாற்றின. 1970-களின் இறுதியில் மஞ்சள்காமாலை ஆய்வுக்காகச் சேமித்திருந்த ரத்த மாதிரிகளோடு அவருடைய வைரஸையும் வொரோபி குழு ஒப்பிட்டது. அவருடையது நடுவில் கிளைத்த ஒன்று. அவருக்குத் தொற்றுவதற்கு முன்பே நியூயார்க்கில் வைரஸ் பலவாகப் பெருகியிருந்தது. இந்த முடிவு வெளியானது 2016-ல். அவர் இறந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.