அமுதும் அளவோடு

இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் நடந்தது இது. குழந்தைகளின் எலும்பை வளைத்துவிடும் ரிக்கெட்ஸ் நோயை ஒழிக்க எண்ணிய அரசு, குழந்தைகளுக்கான பால் மாவில் வைட்டமின் 'டி' சேர்த்து வழங்கியது. மீன் எண்ணெயும் கொடுத்தது. குழந்தை உணவு தயாரித்த நிறுவனங்களும் தங்கள் தானிய மாவில் அதே சத்தைச் சேர்த்தன. தாய்மார்கள் மூன்றையும் மகிழ்வுடன் வாங்கித் தம் மக்களுக்கு ஊட்டினர். ரிக்கெட்ஸும் பெரிதும் குறைந்தது.

ஆனால் 1950-களின் தொடக்கத்தில் மருத்துவர்கள் புதியதொரு நோயைக் கண்டனர். நன்றாக வளர்ந்துகொண்டிருந்த குழந்தைகள் திடீரெனப் பால் குடிக்க மறுத்தனர், வாந்தி எடுத்தனர், மலச்சிக்கலால் வருந்தினர், எடை ஏறாமல் மெலிந்தனர். இரத்தத்தைச் சோதித்தபோது சுண்ணாம்புச் சத்து அளவுக்கு மீறி இருந்தது. காரணம் தேடியவர்களின் ஐயம் வைட்டமின் 'டி'யின் மேல் விழுந்தது. ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 400 அலகு போதும். பால் மாவு, தானிய மாவு, மீன் எண்ணெய் மூன்றையும் கூட்டிப் பார்த்தால் சில குழந்தைகள் 4000 அலகு வரை பெற்றிருக்கக்கூடும் எனக் கணக்கிடப்பட்டது. இன்று வளர்ந்த ஆளுக்கே நாளொன்றுக்கு உயர் எல்லையாக வல்லுநர்கள் குறித்துள்ள அளவு அது!

1957-இல் இம்மூன்றிலும் சேர்க்கும் அளவு குறைக்கப்பட்டது. நோயுற்ற குழந்தைகளின் எண்ணிக்கையும் பின்னர் இறங்கியது. அதே உணவை உண்ட எல்லாக் குழந்தைகளும் ஏன் நோயுறவில்லை என்பதற்கான விளக்கத்தின் ஒரு பகுதி 2011-இல்தான் கிடைத்தது. வைட்டமின் 'டி'யைச் செலவழித்து வெளியேற்றும் ஆற்றல், பிறவியிலேயே சிலருக்குக் குறைவாக இருக்கிறது. மற்றவர்க்கு நலம் தரும் அளவே அவர்களுக்குத் தீங்காகிறது.

இந்நிகழ்ச்சியில் கெட்ட எண்ணம் கொண்டவர் எவருமில்லை. பால் மாவு கொடுத்தவர் பால் மாவை மட்டும் அளந்தார். எண்ணெய் கொடுத்தவர் எண்ணெயை மட்டும் அளந்தார். குழந்தையின் வயிற்றில் சேர்ந்த மொத்தத்தைக் கூட்டிப் பார்ப்பார்தாம் இல்லை.

'நேற்று என்ன உண்டீர்கள்?'

ஒரு நாட்டு மக்கள் எவ்வளவு சத்து உண்கிறார்கள் என்பதை எப்படி அறிவது? பல நாடுகளில் இதற்கென உணவு ஆய்வுகள் நடைபெற்று வந்துள்ளன. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு அமைப்பு ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டு, 2015 வரை பணியாற்றியது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் அதன் பணியாளர் வீடு வீடாகச் சென்றனர். அளவுக் கிண்ணங்களைக் காட்டி, 'நேற்றுக் காலை முதல் இரவு வரை என்ன உண்டீர்கள்? எத்தனை கிண்ணம்?' என்று கேட்டுக் குறித்துக்கொண்டனர்.

வந்த விடைகளைக் கூட்டி வகுத்தால் சராசரி கிடைக்கும். ஆயினும் சராசரி என்பது நடுவில் நிற்பவனின் கதை. பசியால் வாடுபவனும் அதில் தெரியான். மிகையாய் உண்பவனும் தெரியான். ஆகவே மிகை உண்டா என அறிய விரும்புவோர், நூறு பேரைக் குறைவாக உண்பவர் முதல் மிகுதியாக உண்பவர் வரை வரிசையில் நிறுத்தி, 95-ஆம் இடத்தில் நிற்பவர் எவ்வளவு உண்கிறார் என்று பார்க்கின்றனர். அவரது அளவு உயர் எல்லைக்குள் அடங்கினால் கவலை குறைவு. தாண்டினால் விழிப்பு வேண்டும். அந்த 95-ஆம் ஆளைச் சரியாகக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

ஒரே நாளை நம்பலாமா?

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். ஞாயிறு திருப்பலி முடிந்து வந்து, நண்பகலில் ஆட்டு ஈரல் வறுவலோடு உண்கின்றனர். மறுநாள் திங்களன்று ஆய்வாளர் வந்து, 'நேற்று என்ன உண்டீர்கள்?' என்கிறார். ஈரலில் வைட்டமின் 'ஏ' மிக அதிகம். அன்று ஒருவர் உண்ட ஈரலில் 7000 மைக்ரோ கிராம் இருந்ததென வைத்துக்கொள்வோம். வளர்ந்தவருக்கான உயர் எல்லை நாளொன்றுக்கு 3000 மைக்ரோ கிராம். கணக்கேட்டில் அவர் 'ஆபத்தில் இருப்பவர்' ஆகிவிடுவார்! மற்ற ஆறு நாளும் அவர் உண்டது கீரையும் சாம்பாருமே. கீரையிலுள்ள சத்து உடலுக்குத் தேவையான அளவே வைட்டமின் 'ஏ'யாக மாறுவதால், அது இந்த எல்லையில் சேராது. ஈரலின் 7000-ஐ ஏழு நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 1000 தான். உண்மையில் அவருக்கு ஆபத்து ஏதுமில்லை.

இவ்வாறு ஒரு நாள் கணக்கு, மிகையாய் உண்பவர் தொகையைப் பெரிதாக்கிக் காட்டும். ஆதலால் தேர்ந்த ஆய்வாளர், இடைவெளி விட்டு இரண்டு நாட்களேனும் கேட்கின்றனர். ஒரே ஆளின் உணவு நாளுக்கு நாள் எவ்வளவு மாறுகிறது என்று கண்டு, அந்த ஏற்ற இறக்கத்தைக் கணித முறையால் நீக்கி, அவரது வழக்கமான உணவளவை மதிப்பிடுகின்றனர்.

எண்ணத் தவறும் மாத்திரை

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. 'என்ன உண்டீர்கள்?' என்று கேட்டால், இட்டிலியைச் சொல்வோம். சோற்றையும் குழம்பையும் சொல்வோம். காலையில் விழுங்கிய சத்து மாத்திரையை எவர் சொல்வார்? மாத்திரை உணவன்றே! பாலில் கலந்த ஊட்டச்சத்து மாவையும் வெறும் 'பால்' என்றே சொல்லிவிடுவோம். இங்கே கணக்கு உண்மையைவிடக் குறைந்துபோகிறது. இதனை உணர்ந்தே அமெரிக்க நாட்டு ஆய்வில், கடந்த 30 நாட்களில் உட்கொண்ட மாத்திரைகளைப் பற்றித் தனியே கேட்கின்றனர். ஐரோப்பிய நாடுகள் 2002-இல் வகுத்த சட்டமும், சத்து மாத்திரைகளுக்கு எல்லை வகுக்கும்போது, மக்கள் பிற உணவுகளிலிருந்து பெறும் அளவையும் கருதவேண்டும் என்கிறது. இங்கிலாந்துக் குழந்தைகள் கற்பித்த பாடமும் இதுதானே!

நம் நாட்டுக் கணக்கு

நம் நாட்டின் பெருங்குறை பற்றாக்குறைதான், அதில் ஐயமில்லை. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர். ஆகவே இரும்புச் சத்து மாத்திரைகள் வழங்கப்படுகின்றன. அரசுத் திட்டங்களின் வழியே செறிவூட்டிய அரிசி வழங்கப்படும் என 2021-இல் அறிவிக்கப்பட்டு, அடுத்த ஆண்டுகளில் அது விரிவாக்கப்பட்டது.

சிறு கணக்கொன்று போடுவோம். அவ்வரிசிக்கு வகுக்கப்பட்ட அளவு, கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லி கிராம் இரும்பு. நாளுக்கு 400 கிராம் அரிசி உண்பவருக்கு அதிலிருந்து 11 முதல் 17 மில்லி கிராம் சேரும். வாரம் ஒருமுறை உண்ணும் 60 மில்லி கிராம் மாத்திரையை ஏழு நாளுக்குப் பங்கிட்டால் ஏறத்தாழ 9. ஆக 26 வரை வந்துவிட்டது. இதன்மேல் அன்றாட உணவிலுள்ள இயற்கை இரும்பு. அதற்கும் மேல் எவரும் கேளாமலே கடையில் வாங்கிக் குடிக்கும் டானிக். வளர்ந்தவருக்கு உயர் எல்லையோ 45.

இந்திய ஆயர் பேரவையின் நிறுவனமான பெங்களூரு தூய யோவான் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் அனுரா குர்பாட் முதலிய ஆய்வாளர்கள், இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் திட்டங்களின் மொத்தத்தைக் கணக்கில் கொள்ளவேண்டும் என 2021-இல் எழுதினர். பற்றாக்குறையை மறுப்பது அவர்கள் நோக்கமன்று. பசித்தவனுக்கு ஊட்டும் அதே கரண்டி, நிறைந்தவன் வாயில் திணிக்கப்படலாகாது என்பதே கருத்து.

நம் இல்லங்களில்

இதனைப் படித்துவிட்டு எவரும் ரேஷன் அரிசியைக் கண்டு அஞ்ச வேண்டாம். கருவுற்ற தாய்மார்கள், மருத்துவர் தந்த இரும்பு மாத்திரையை நிறுத்தவே வேண்டாம். நோயைத் தடுக்கவும் தீர்க்கவும் மருத்துவர் அறிந்து கொடுக்கும் அளவு வேறு. நாமே கூட்டிக்கொள்ளும் அளவு வேறு. வீட்டில் தலசீமியா என்னும் பிறவி இரத்த நோய் உடையவர் இருப்பின், இரும்பு குறித்து மருத்துவரைக் கட்டாயம் கலந்துகொள்ளுங்கள்.

ஒவ்வொரு தாயும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பிள்ளைக்குக் கொடுக்கும் டானிக், சத்து மாவு, மாத்திரை அனைத்தின் பெயர்ச்சீட்டுகளையும் ஒருநாள் மேசைமேல் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒரே சத்து இரண்டு மூன்று இடங்களில் வருகிறதா? வந்தால் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். ஆய்வாளர் எவரேனும் உங்கள் வாசலுக்கு வந்தால், மாத்திரையையும் மறவாமல் சொல்லுங்கள். உங்கள் உண்மையான விடை, முகம் அறியாத குழந்தை ஒன்றைக் காக்கக்கூடும். அதுவும் பிறரன்புப் பணியே.

பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்களுக்கு இறைவன் மன்னா பொழிந்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். அவரவர் உண்ணும் அளவுக்கே சேகரிக்கும்படி அவர் பணித்தார். மறுநாளுக்கென மிகையாய் எடுத்து வைத்தவரின் மன்னா புழுத்து நாறிற்று. விண்ணிலிருந்து வந்த உணவுக்கே அளவு இருந்ததென்றால், நாம் கடையில் வாங்கும் புட்டிக்கு அளவு வேண்டாமா?