பனிக்கட்டி வீசிய எக்ஸ்-கதிர்!

எக்ஸ்-கதிர் என்றதும் எலும்பு முறிவைக் காட்டும் படம்தானே உங்கள் நினைவுக்கு வருகிறது? வானவியலாருக்கோ கொதிக்கும் வாயு நினைவுக்கு வரும். பல லட்சம் டிகிரி வெப்பமுள்ள வாயுவே விண்வெளியில் எக்ஸ்-கதிரைப் பெரிதும் வீசுகிறது. சூரியனைச் சுற்றியுள்ள கரோனா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

1996 மார்ச் மாதத்தில் ஹயாகுடாகே என்ற வால்நட்சத்திரம் பூமியிலிருந்து சுமார் ஒன்றரைக் கோடி கிலோமீட்டர் தொலைவில் கடந்து சென்றது. ஜெர்மனியின் 'ரோசாட்' செயற்கைக்கோள் அதை நோக்கிற்று. வால்நட்சத்திரம் என்பது பனிக்கட்டியும் தூசியும் சேர்ந்த உருண்டை. ஆனாலும் அதன் சூரியப் பக்கத்தில், பிறை வடிவில் எக்ஸ்-கதிர் ஒளிர்ந்தது! குளிர்ந்த பொருளுக்கு இந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது?

1997-இல் தாமஸ் கிரேவன்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி விடை கூறினார்: ஆற்றல் வால்நட்சத்திரத்துடையது அல்ல, சூரியனுடையது.

சூரியனிலிருந்து மின்னேற்றம் பெற்ற துகள்கள் நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் ஓயாமல் வீசுகின்றன. இதுவே சூரியக் காற்று. இதில் சிறிதளவு ஆக்ஸிஜனும் உண்டு. ஆக்ஸிஜன் அணுவில் 8 எலெக்ட்ரான்கள் இருப்பதைப் படித்திருப்பீர்கள். கரோனாவின் கடும் வெப்பத்தில் அவற்றில் பெரும்பாலானவை, சில அணுக்களில் 7 அல்லது 8-ம்கூட, பறிபோய்விடுகின்றன.

இப்படி வறுமைப்பட்ட அயனி, வால்நட்சத்திரத்தைச் சூழ்ந்த நீராவியை நெருங்கினால் என்ன செய்யும்? ஒரு மூலக்கூறிலிருந்து எலெக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும். அந்த எலெக்ட்ரான் முதலில் உயர்ந்த படியில் அமர்கிறது. பின்பு கீழ்ப்படிக்கு இறங்குகிறது. அப்போது மிஞ்சும் ஆற்றலே எக்ஸ்-கதிர். இந்நிகழ்ச்சிக்கு 'மின்னேற்றப் பரிமாற்றம்' என்று பெயர்.

2000-இல் விஞ்ஞானி சந்திரசேகரின் பெயர் தாங்கிய 'சந்திரா' தொலைநோக்கி, லீனியர் என்ற வால்நட்சத்திரத்தை ஆராய்ந்தது. அதன் எக்ஸ்-கதிரில் ஆக்ஸிஜன், நைட்ரஜன் அயனிகளுக்கே உரிய அடையாளங்கள் தெரிந்தன. விளக்கம் உறுதியாயிற்று.

கதை இத்துடன் முடியவில்லை. சூரிய மண்டலம் முழுவதிலும் விண்மீன்களுக்கிடையிலிருந்து வரும் ஹைட்ரஜனும் ஹீலியமும் மெல்லியதாகப் பரவியுள்ளன. சூரியக் காற்று அவற்றையும் மோதுகிறதல்லவா? அப்படியானால் எத்திசையில் நோக்கினாலும் இந்த ஒளி குறுக்கிடும். 2012-இல் அமெரிக்காவில் ஒரு ராக்கெட்டை ஏவி இதை அளந்தனர். பால்வீதித் தளத்தின் திசையிலிருந்து வரும் ஆற்றல் குறைந்த எக்ஸ்-கதிரில் சுமார் 40 சதவீதம் நம் சூரிய மண்டலத்திலேயே பிறப்பது தெரியவந்தது. எஞ்சியதே தொலைவிலுள்ள சூடான வாயுவின் பங்கு.

தெருக்கோடி வெளிச்சத்தை அளக்கப் புறப்படுபவன் முதலில் தன் வீட்டுத் திண்ணை விளக்கைக் கழித்துவிட வேண்டும் அல்லவா? வானவியலாருக்கு அந்தத் திண்ணை விளக்கைக் காட்டிக் கொடுத்தது ஒரு பனி உருண்டைதான்!