வாழைத்தண்டின் துரோகம்

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் காலை வேளையில் கறிகாய் வாங்கப் போகிறவர்களுக்குக் காசு கொடாமலே ஒரு சரக்குக் கிடைக்கும். அதுதான் வைத்திய ஆலோசனை. வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரகத்தில் கோளாறு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், கூடைக்காரியும், பக்கத்தில் கத்தரிக்காய் பொறுக்கிக் கொண்டிருக்கும் பெரியவரும் ஒரே குரலில், "வாழைத்தண்டு!" என்பார்கள்.

நம் தமக்கை இதை வேத வாக்காக ஏற்றுக் கொண்டாள். அத்திம்பேருக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. சிறுநீரகங்கள் தளர்ந்து வருகின்றன என்று டாக்டர் சொன்ன மறுநாளே வீட்டில் பத்தியம் ஆரம்பமாயிற்று. விடியற்காலையில் வாழைத்தண்டுச் சாறு, பதினொரு மணிக்கு இளநீர், இரவில் வாழைப்பழம். உப்பு ஆகாதென்று, தியாகராய நகர்க் கடையிலிருந்து சோடியம் குறைந்த உப்பு வேறு வந்தது. நாமும் அவள் சிரத்தையை மெச்சினோம். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுகிற நமக்கு, அந்தப் பொட்டலத்தைத் திருப்பிப் படிக்க வேண்டுமென்று தோன்றவில்லை!

மூன்று வாரம் சென்றதும் அத்திம்பேருக்குக் கால்கள் துவண்டன, நாடி தடுமாறிற்று. ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்தார்கள். லிட்டருக்கு 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டிய பொட்டாசியம் 6.8 இருந்தது. என்ன ஆகாரம் என்று டாக்டர் கேட்டார். தமக்கை பெருமையுடன் ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தாள். இளநீர் வரையில் வந்தபோது டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பொட்டாசியம் தேகத்துக்கு அவசியமான உப்புதான். மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். அந்தச் சக்தி குன்றியவர்களுக்கோ அது ரத்தத்தில் தேங்கி, இருதயத் துடிப்பையே நிறுத்திவிடக் கூடும். ஒரு தம்ளர் இளநீரில் சுமார் 500 மில்லிகிராமும், ஒரு வாழைப்பழத்தில் சுமார் 400 மில்லிகிராமும் பொட்டாசியம் உண்டு. வாழைத்தண்டிலும் அது நிறைய இருக்கிறது. வாழைத்தண்டுக்குள்ள கியாதி எல்லாம் சிறுநீரகக் கல் சம்பந்தமானது. கல் வேறு, சிறுநீரகம் செயலிழப்பது வேறு. மாட வீதி வைத்தியத்தில் இரண்டும் ஒரே வியாதி!

உப்பின் கதை இன்னும் விபரீதம். சோடியம் குறைந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. உலக சுகாதார ஸ்தாபனம் 2025 ஜனவரியில் இத்தகைய உப்பைப் பொதுஜனங்களுக்குச் சிபாரிசு செய்தபோதே, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களை அதிலிருந்து விலக்கி வைத்தது. இந்துப்பு உத்தமம் என்பாரும் உண்டு. அதுவும் பெரும்பாலும் சாதாரண உப்பேதான். அசல் உப்பையே நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் குறைப்பதுதான் வழி. அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய் மூன்றையும் இலையிலிருந்து விலக்க வேண்டுமென்றபோது, அத்திம்பேர் ஆஸ்பத்திரியில் கூட அவ்வளவு துக்கப்படவில்லை.

சமையலிலும் ஒரு பழக்கத்தைத் தலைகீழாக்க நேர்ந்தது. காய் வெந்த நீரைக் கொட்டினால் சத்துப் போய்விடும் என்று ரசத்தில் சேர்ப்பது நம் அம்மா கற்றுக் கொடுத்த பாடம். இந்த நோயாளிக்கோ அந்தச் சத்துத்தான் போக வேண்டும்! உருளைக்கிழங்கைத் தோல் சீவி, சிறு துண்டங்களாக நறுக்கி, நிறைய ஜலத்தில் கொதிக்க வைத்து, அந்த ஜலத்தைக் கொட்டிவிட்டால் பொட்டாசியம் கணிசமாகக் குறையும். சுரைக்காய், சௌசௌ, முட்டைக்கோஸ் ஆகியவற்றில் அது குறைவு. பழங்களில் ஆப்பிளும் அன்னாசியும் மிதமானவை. முருங்கைக்கீரையை மட்டும் கண்ணால் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டியதுதான்.

பள்ளிக்கூட வாசலில் உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவி விற்கும் நட்சத்திரப் பழமோ விஷத்துக்குச் சமானம். சிறுநீரக நோயாளிகள் அதைத் தின்று, விக்கல் கண்டு, புத்தி மயங்கி, வலிப்பு வந்து இறந்ததும் உண்டு. இதற்குக் காரணமான காரம்பாக்ஸின் என்ற நஞ்சை 2013ஆம் ஆண்டில் பிரேஸில் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள்.

பயந்துபோன தமக்கை அப்புறம் பருப்பு, பால், தயிர் எல்லாவற்றையுமே நிறுத்தப் பார்த்தாள். அதுவும் தப்பு. டயாலிஸிஸ் தேவைப்படாத நிலையில், உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 0.8 கிராம் புரதம் வேண்டும். வாரம் மூன்று முறை டயாலிஸிஸ் செய்து கொள்ளும் நிலை வந்தால் 1 முதல் 1.2 கிராம் வரை தேவை. தண்ணீருக்கோ அளவு வந்துவிடும், ரசமும் மோரும் காப்பியும் அந்தக் கணக்கில் அடக்கம். ஆகவே அடுத்த வீட்டுக்காரரின் பத்தியம் நம் வீட்டுக்கு உதவாது. அடையாற்றிலுள்ள நண்பர் ஒருவர் தம் தாயாருக்கு எழுதிக் கொடுத்த உணவுப் பட்டியலை அன்புடன் அனுப்பியிருந்தார். அந்த அம்மாள் டயாலிஸிஸில் இருப்பவர். வந்தனம் சொல்லி மடித்து வைத்துவிட்டோம்.

இப்போது தமக்கை வீட்டுச் சமையலறையில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் ரத்தப் பரிசோதனைத் தாள் தொங்குகிறது. சென்ற வாரம் அவளுடன் மாட வீதிக்குப் போயிருந்தோம். "அம்மா, வாழைத்தண்டு இளசா இருக்கு, வேணாமா?" என்றாள் கூடைக்காரி.

"பொட்டாசியம் வரட்டும், பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தமக்கை சுரைக்காயை நகத்தால் கீறிப் பார்த்தாள்.

ஊரிலிருந்து யாரோ உறவினர் வருகிறார் போலிருக்கிறது என்று கூடைக்காரி எண்ணியிருக்க வேண்டும். "வரட்டும் அம்மா, வரட்டும்" என்று தலையை ஆட்டினாள்.