வெறுப்புப் பேச்சு: அழித்துவிடாதீர்கள், எழுதிக் கொடுங்கள்

சில மாதங்களுக்கு முன் மறைமலை நகரில் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஓர் இளைஞர் நம்மிடம் வந்தார். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் வேலை. உடன் வேலை செய்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், முஸ்லிம்களுக்கு வீடு தரக்கூடாது, வேலை தரக்கூடாது, அடித்து விரட்ட வேண்டும் என்று தொடர்ந்து எழுதி வந்திருக்கிறார். பதிவைக் காட்டச் சொன்னோம். "அத்தா பயந்துட்டாங்க ஹஜ்ரத். எல்லாத்தையும் அழிச்சிட்டு குரூப்பை விட்டு வெளியே வந்துட்டேன்" என்றார்.

அந்த அத்தாவின் பயம் நமக்குப் புரியாமல் இல்லை. காண்ட்ராக்ட் வேலை, நாளைக்கே வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பதிவுகளோடு ஆதாரமும் போய்விட்டது. பொறுமை நம் மார்க்கம் கற்றுத்தந்த பண்புதான். அதற்காக உரிமையைக் கைவிட வேண்டும் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 'வெறுப்புப் பேச்சு' என்ற பெயரில் தனிக் குற்றம் இல்லை. தனிப் பிரிவுகள் வேண்டும் என்று இந்திய சட்ட ஆணையம் 2017இல் தனது 267ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தும் அது நடக்கவில்லை. ஆனாலும் நமக்கு உதவும் பிரிவுகள் இருக்கின்றன.

மதம், இனம், மொழி போன்றவற்றின் பெயரால் பிரிவினரிடையே பகையைத் தூண்டுவது பிரிவு 196இன்படி குற்றம். வாட்ஸ்அப், முகநூல் பதிவுகளும் இதில் அடங்கும். மூன்று ஆண்டு வரை சிறை. வழிபாட்டுத் தலத்தில் செய்தால் ஐந்து ஆண்டு வரை. கெட்ட எண்ணத்தோடு ஒரு மதத்தை இழிவுபடுத்துவது பிரிவு 299இலும், பகையை மூட்டும் வதந்தி பரப்புவது பிரிவு 353இலும் வரும். ஒருவரின் மத உணர்வைப் புண்படுத்தவென்றே அவர் காதுபடப் பேசுவது பிரிவு 302.

இவை ஏட்டில் மட்டும் இருப்பவை அல்ல. பழைய சட்டத்திலும் இதே போன்ற பிரிவுகள் இருந்தன. கொரோனா காலத்தில், 2020 மே மாதம், தங்கள் கடையில் முஸ்லிம் ஊழியர்கள் இல்லை என்று விளம்பரம் செய்த சென்னை தி.நகர் பேக்கரி உரிமையாளர் ஒருவரைக் காவல்துறை கைது செய்தது.

உச்ச நீதிமன்றமும் 2022 அக்டோபரில், புகாருக்காகக் காத்திராமல் தாமாகவே வழக்குப் பதிய வேண்டும், பேசியவர் எந்த மதத்தவர் என்று பார்க்கக் கூடாது என்று டெல்லி, உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட் காவல்துறைகளுக்கு உத்தரவிட்டது. 2023 ஏப்ரல் 28 அன்று அதை எல்லா மாநிலங்களுக்கும் விரிவாக்கியது.

புகார் கொடுப்பது எப்படி?

முதலில், பதிவை அழிக்காதீர்கள். தேதி, நேரம், அனுப்பியவரின் எண், குழுவின் பெயர் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்தப் போனையும் பத்திரமாக வைத்திருங்கள். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 63இன்படி ஒரு சான்றிதழ் தேவைப்படும். அதற்கு அந்தப் போன் வேண்டும்.

அடுத்து, எழுத்தில் புகார் கொடுங்கள். மறைமலை நகர் செங்கல்பட்டு மாவட்டம். ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் காஞ்சிபுரம் மாவட்டம். வீடு ஒரு மாவட்டம், வேலை ஒரு மாவட்டம் என்பதால் எந்தக் காவல் நிலையம் என்று அலைய வேண்டாம். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது புதிய நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 173. மின்னஞ்சலிலும் அனுப்பலாம், மூன்று நாட்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

இத்தகைய வழக்குகளில், டி.எஸ்.பி. அனுமதியுடன் 14 நாட்கள் முதற்கட்ட விசாரணை நடத்தக் காவல்துறைக்கு அதிகாரம் உண்டு. உடனே எஃப்.ஐ.ஆர். பதியவில்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். புகாரையே வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் மனு செய்யலாம்.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் பிரிவு 12இன்படி, பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. இந்தத் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பலருக்கு இது தெரியாது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள். மாநில சிறுபான்மையினர் ஆணையத்துக்கும் மனு அனுப்பலாம்.

எல்லாமே குற்றம் அல்ல

நமக்குப் பிடிக்காத ஒவ்வொரு பேச்சும் குற்றமாகிவிடாது. கொள்கை விமர்சனம் வேறு, பகையைத் தூண்டுவது வேறு. ஒரு கவிதையைப் பகிர்ந்ததற்காகக் காங்கிரஸ் எம்.பி. இம்ரான் பிரதாப்கடி மீது குஜராத் காவல்துறை போட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் ரத்து செய்தது. எதற்கெடுத்தாலும் புண்படும் மனதை வைத்து அல்ல, உறுதியான, நியாயமான மனிதரின் பார்வையில் சொற்களை எடைபோட வேண்டும் என்பது அத்தீர்ப்பின் கருத்து. இதே பிரிவுகள் நம் மீதும் பாயும் என்பதால், இந்த அளவுகோல் நமக்கும் பாதுகாப்பு.

நம் கைகளும் கவனமாக இருக்கட்டும். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவைப் பகிர்ந்த நடிகர் எஸ்.வி. சேகர், படிக்காமல் பகிர்ந்துவிட்டேன், நீக்கி மன்னிப்பும் கேட்டுவிட்டேன் என்றார். ஆனாலும் 2024 பிப்ரவரியில் நீதிமன்றம் அவருக்கு ஒரு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவி எத்தனை குடும்பங்களைக் கலங்கடித்தன! வந்த செய்தியைத் தீர விசாரிப்பது நம் மீது மார்க்கக் கடமை. மற்றவர்களின் தெய்வங்களை ஏசுவதும் நமக்குத் தடுக்கப்பட்டதே.

அந்த இளைஞரின் கதைக்கு வருவோம். அதே குழுவில் இருந்த ஒரு இந்து நண்பர், எல்லாப் பதிவுகளையும் தன் போனில் எடுத்து வைத்திருந்தார். கேட்டதும் கொடுத்தார், சாட்சி சொல்லவும் வருகிறேன் என்றார். அத்தாவே மகனை அழைத்துக்கொண்டு காவல் நிலையம் போனார். சி.எஸ்.ஆர். கையில் இருக்கிறது. வேலையும் இருக்கிறது.

ஒவ்வொரு ஜமாஅத்திலும் புகார் எழுதத் தெரிந்த இரண்டு பேரையாவது தயார் செய்வோம். பாதிக்கப்பட்டவரைத் தனியே காவல் நிலையத்துக்கு அனுப்பாமல் உடன் செல்வோம். அல்லாஹ் நம் நாவுகளையும் நம் ஊரின் நல்லிணக்கத்தையும் பாதுகாப்பானாக!