ஈரக் காற்றில் காகமும் நரியும்

காகத்தின் அலகில் இருந்ததை நரி புகழ்ந்து பறித்த கதை, தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாட்டி சுட்ட வடையோடு அறிமுகமாகிறது. புத்தரின் முற்பிறப்புக் கதைகளில் அதன் உறவுக்கதை ஒன்று நாவற்பழத்தைச் சுற்றி நடக்கிறது. பிரெஞ்சுப் புலவர் லா ஃபொந்தேனிடம் அது பாலாடைக்கட்டிக் கதை. அவருடைய கதைப்பாடல்களுக்குக் குஸ்தாவ் தொரே வரைந்த படங்கள் 1867இல் நூலாக வெளிவந்தன. இலங்கை மலைநாட்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டதும் அதே ஆண்டில்தான். அக்காலத்து அச்சுப்படம் ஒன்று நுவரெலியாவிலோ அட்டனிலோ ஒரு பழைய பங்களாச் சுவரில் தொங்கினால், அதன் வாழ்நாளை எவை வரையறுக்கும்? வேதியியலும் வானிலையும் சேர்ந்து விடை சொல்ல வேண்டிய கேள்வி இது.

தொரேயின் ஓவியங்களை அச்சுக்குக் கொண்டுவந்தவர்கள் மரச்செதுக்குக் கலைஞர்கள். பாக்ஸ்வுட் என்னும் மிகக் கெட்டியான மரத்தைக் குறுக்கே அறுத்து, அதன் வெட்டுமுகத்தில் கூரிய உளியால் கோடு கிழித்தார்கள். மரம் சிறியது, ஆகவே பெரிய படங்களுக்குப் பல துண்டுகளைத் திருகாணியால் இணைத்தார்கள். உளி தொட்ட இடம் வெள்ளையாகும். தொடாத மேடு மையை ஏந்தித் தாளில் பதியும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் கோடுகள் தெரியும். கோடுகளுக்கு மாறாக ஒழுங்கான புள்ளிவரிசை தெரிந்தால், அது பின்னாளில் ஒளிப்பட முறையில் எடுத்த மறுபதிப்பு.

மை பெரும்பாலும் விளக்குக்கரியும் ஆளிவிதை எண்ணெயும் கலந்தது. கரி ஒளியில் வெளுக்காது, காற்றாலும் மாறாது. நரியின் நிழல் நூறாண்டுக்குப் பிறகும் கறுப்பாகவே இருக்கும். அதைத் தாங்கும் தாளுக்கு அந்த உறுதி இல்லை.

பழைய ஐரோப்பியத் தாள் கந்தைத் துணியின் நாரால் ஆனது. நீண்ட நாள் உழைக்கும். 19ஆம் நூற்றாண்டில் இரண்டு மாற்றங்கள் வந்தன. மை ஊறிப் பரவாதிருக்கப் படிகாரமும் மரப்பிசினும் சேர்த்தார்கள். பின்னர் கந்தைக்குப் பதில் மரக்கூழைப் பயன்படுத்தினார்கள். படிகாரம் ஈரத்தோடு சேர்ந்து காடித்தன்மையை (அமிலத்தன்மையை) உண்டாக்குகிறது. அது செல்லுலோசின் நீண்ட மூலக்கூறுத் தொடர்களைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. மரக்கூழிலுள்ள லிக்னின் ஒளிபட்டு மஞ்சளாகிறது. 1885இல் நானுஓயா வரை தொடர்வண்டி வந்து, மலைநாட்டுக்குப் பொருள்கள் எளிதாக ஏறத் தொடங்கிய காலத்தில், உலகச் சந்தையில் மிகுந்திருந்தது இத்தகைய தாளே.

இனி மலையின் காற்றைப் பார்ப்போம். நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது; ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவு. கொழும்பில் அது 27க்கு மேல். வெப்பநிலை ஐந்து பாகை குறைந்தால் தாளின் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பாதுகாப்பு அறிஞர்கள் கையாளும் தோராய விதி. இந்தக் கணக்கின்படி, மற்றவை ஒத்திருந்தால், கொழும்பில் 50 ஆண்டில் நொறுங்கும் தாள் நுவரெலியாவில் 200 ஆண்டு நிற்கலாம். குளிர் அளிக்கும் பெருங்கொடை இது. அதை ஈரம் தட்டிப் பறிக்கிறது. ஒப்பு ஈரப்பதன் 65 முதல் 70 விழுக்காட்டைத் தாண்டியே நின்றால் பூஞ்சணம் முளைக்கும். மழைக்கால மூடுபனி நாள்களில் 90 என்பது அங்கே வியப்புக்குரிய அளவன்று. பழைய படங்களில் காணும் செம்பழுப்புப் புள்ளிகள் பூஞ்சணத்தாலும், தாளுக்குள் சிக்கிய இரும்புத் துகள் துருப்பிடிப்பதாலும் தோன்றுபவை. இரண்டுக்கும் ஈரமே துணை.

படம் தொங்கும் சுவரும் இதில் பங்கு கொள்கிறது. வெளிச்சுவர் இரவில் அறையைவிடக் குளிர்ந்துவிடும். சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் அடைபட்ட காற்றும் குளிர்ந்து, ஈரப்பதன் அங்கே மேலும் ஏறும். முன்புறம் தெளிவாக இருக்கும்போதே பின்புறம் பூஞ்சணம் படர்வது இதனால்தான். சட்டத்தின் பின்னே அடித்த மரப்பலகை தன் காடியைத் தாளுக்குக் கடத்தி, பலகைகளின் இடைவெளியைக் கூடப் பழுப்புக் கோடாகப் பதித்துவிடும். கணப்பின் மேலே மாட்டுவது இன்னும் கேடு: மாலையில் தாள் காய்ந்து சுருங்கும், விடியலில் ஈரம் குடித்து விரியும், கூடவே புகையும் படியும்.

இதற்கான மருந்தைத் தேயிலை ஆலை நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. மழைநாளில் கொழுந்து வாட இளஞ்சூட்டுக் காற்றை ஊதுகிறார்கள். 15 பாகையில் 90 விழுக்காடு ஈரப்பதன் கொண்ட காற்றை 20 பாகைக்குச் சூடாக்கினால், ஒரு துளி நீரும் அகற்றாமலே ஈரப்பதன் ஏறத்தாழ 66க்கு இறங்கும். வெப்பக் காற்று கூடுதல் ஆவியைத் தாங்க வல்லது என்பதே காரணம். படம் உள்ள அறைக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். மழை மாதங்களில் மெல்லிய, மாறாத வெம்மை போதும். படத்தை உட்சுவருக்கு மாற்றி, சட்டத்தின் மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டிக் காற்றோட இடம் விட வேண்டும். மரப்பலகையை எடுத்துவிட்டுக் காடியற்ற அட்டை வைக்க வேண்டும். கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. கிழிசலில் ஒட்டுநாடாவை எந்நாளும் ஒட்டலாகாது.

இந்த அறிவு பங்களாச் சுவரோடு நின்றுவிடுவதை நான் விரும்பவில்லை. தேங்கிக் கிடக்கும் ஈரம் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறைகளில் இன்னும் கூடுதல். பிறப்புப் பதிவு, குடியுரிமைச் சான்று, பாட்டன் பாட்டியின் ஒரேயொரு ஒளிப்படம் ஆகியவை அங்கேதான் இருக்கின்றன. 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் குடியுரிமை இழந்த மலையக மக்களுக்குத் தாள் என்பது வெறும் தாளன்று. பனி மூட்டமில்லாத வறண்ட மாசி நண்பகலில் அவற்றை வெளியே எடுத்து, நிழலில் நன்றாக உலரவிட்டு, இறுக மூடும் தகரப் பெட்டியில் அடுக்கி, வெளிச்சுவரிலிருந்து தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வைக்கலாம். நன்கு மூடிய பெட்டியில் உலர்ந்த தாள்களே ஓரளவு ஈரத்தை உறிஞ்சி உள்ளே உள்ள காற்றைச் சமன்செய்யும். பெட்டியை அடைமழை மாதங்களில் திறக்காமல் விட்டு, அடுத்த வறண்ட பருவத்தில் மறுபடி காற்றாடவிட்டால் போதும்.