உடம்பால் வாசித்தவர்

ஃபங்க் இசைக்கு வழி வகுத்தவர் ஜேம்ஸ் பிரவுன் என்று சொல்பவர்கள் இசைத்தட்டுகளையே ஆதாரமாகக் காட்டுவார்கள். 1967இல் வந்த 'கோல்ட் ஸ்வெட்' பாட்டில் மெட்டு ஒதுங்கிக்கொண்டது. நான்கு எண்ணிக்கையின் முதல் அடியில் பாரம் விழுந்தது, கிட்டாரும் ஊதுகருவிகளும்கூடத் தாள வாத்தியங்கள் ஆயின. ஆனால் அந்தத் தாளம் எங்கிருந்து கிளம்பியது என்பதை அறிய அவரைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். 1933இல் தென் கரோலினாவில் வறுமையில் பிறந்து, அகஸ்டாவில் வளர்ந்து, சிப்பாய்கள் வீசும் சில்லறைக்காகத் தெருவில் ஆடிய சிறுவன் அவர். அவருக்கு ஆட்டம் பாட்டின் அலங்காரம் அல்ல, பிழைப்பு.

1964 அக்டோபரில் சாண்டா மோனிகாவில் படமான 'டாமி ஷோ'வைப் பாருங்கள். பாட்டின் நடுவே மண்டியிட்டுச் சரிகிறார். துணைவர்கள் மேலங்கி போர்த்தி அழைத்துப் போகிறார்கள். அதை உதறிவிட்டு மீண்டும் மைக்குக்கு வருகிறார். நாடகம்தான். ஆனால் ஒவ்வொரு சரிவும் டிரம் அடியோடு ஒட்டி விழுவதைக் கவனித்தால், வாசிப்புக்கு அவர் ஆடவில்லை, அவர் உடம்பைப் பார்த்துக் குழு வாசிக்கிறது என்பது விளங்கும். தவறு செய்த கலைஞருக்கு அபராதம் போட்டவர் வேறு!

பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டின் டிரம் துண்டை வெட்டியெடுத்து எத்தனையோ ஹிப்ஹாப் பாட்டுகள் செய்தவர்கள் காதால் கேட்டுத்தானே எடுத்தார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பதிவிலேயே மற்றவர்களை நிறுத்தி, டிரம்மரைத் தனியே வாசிக்க விடும்படி பிரவுன் வாயால் ஏவுகிறார். மேடையில் கையும் காலும் செய்த வேலையை ஸ்டூடியோவில் குரல் செய்தது. கேமரா மறைத்ததும் உண்டு. அந்தத் துண்டை வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு ஒரு மனிதரையே துரத்திய படங்களில் பின்னணியாகிப் போனார். பாட்டை இயற்றியவராகவும் அவர் பெயர் பதிவாகவில்லை.

ஹாலிவுட் பிரவுனை ஊறுகாயாகத்தானே தொட்டுக்கொண்டது என்றால், பெரும்பாலும் ஆம். 1965இன் 'ஸ்கி பார்ட்டி'யில் ஸ்வெட்டர் போட்டு, பனிச்சறுக்கு விடுதியில் வெள்ளை இளைஞர்களுக்குப் பாடுகிறார். 1985இன் 'ராக்கி 4' ஒரு குத்துச்சண்டைக்கு முன் அவரை ஜிகினாவாக நிறுத்தியது. 1980இன் 'தி புளூஸ் பிரதர்ஸ்' மட்டும் கொஞ்சம் யோசித்தது: அவரைப் போதகராக்கி, அந்தக் கூவலும் துள்ளலும் கறுப்பினத் தேவாலயத்திலிருந்து வந்தவை என்று காட்டியது.

இருந்தாலும் அவர் உடம்பின் அதிகாரத்தை முழுதாகக் காட்டியது திரைப்படம் அல்ல, ஒரு தொலைக்காட்சி ஒளிபரப்பு. 1968 ஏப்ரல் 5. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள். மக்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று பாஸ்டன் கார்டன் அரங்கில் நடந்த பிரவுனின் கச்சேரியை நேரடியாகக் காட்டினார்கள். இளைஞர்கள் மேடையேற, போலீசார் தள்ளத் தொடங்கினார்கள். பிரவுன் போலீசாரை ஒதுங்கச் சொல்லி, ஏறியவர்களிடம் பேசி இறங்க வைத்தார். பிறகு வாத்தியக்காரர்களை ஏவிப் பாட்டைத் தொடர்ந்தார்.