துயிலும் கருவிகள்: கணினிக் கருவின் மின்னிலை மேலாண்மையும் தமிழ்க் கலைச்சொற்களும்



மடிக்கணினியில் வேலை முடிந்ததும் திரையில் சில தேர்வுகள் தோன்றுகின்றன. அவற்றுள் ஒன்றைச் சுட்டிவிட்டு மூடிவைக்கிறோம். இரண்டு நாள் கழித்துத் திறக்கும்போது எழுதிக்கொண்டிருந்த கட்டுரை விட்ட இடத்திலேயே நிற்கலாம். மின்கலம் தீர்ந்து, சேமிக்காத பக்கங்கள் அழிந்தும் போயிருக்கலாம். இவ்விரண்டு முடிவுகளுக்கும் இடையே நிற்பது ஒரு சொல். அச்சொல்லின் பொருளைப் பயனர் தெளிவாக அறிந்தாரா என்பதைப் பொறுத்தே அவர் உழைப்பு காக்கப்படுகிறது. ஆகவே, கணினியின் உள்ளே கருவிகள் எவ்வாறு துயில்கின்றன, எவ்வாறு விழிக்கின்றன என்பதை முதலில் விளக்கி, அந்நிலைகளுக்குத் தமிழில் எவ்வகைச் சொற்கள் பொருந்தும் என்பதைப் பின்னர் ஆராய்வது இவ்வுரையின் நோக்கம்.

முடிவெடுக்கும் பொறுப்பு யாருடையது?

இயங்குதளத்தின் உள்ளே பயனர் கண்ணுக்குப் புலப்படாத மையப்பகுதி ஒன்று உண்டு. கெர்னல் என வழங்கும் அதனை இங்குக் கரு என்று குறிப்போம். விசைப்பலகை, திரை, வன்தட்டு, வலையட்டை முதலிய கருவிகள் அனைத்தையும் ஆள்வது கருவே. ஒவ்வொரு கருவியோடும் பேசுவதற்குக் கருவினுள் ஒரு நிரல் உண்டு. அது இயக்கி எனப்படும்.

கருவிகளின் மின்னிலையை யார் முடிவு செய்வது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1992ஆம் ஆண்டில் இன்டெல், மைக்ரோசாப்ட் நிறுவனங்கள் ஏபிஎம் என்னும் முறையை வகுத்தன. அதில் தாய்ப்பலகையில் பதிந்துள்ள பயாஸ் நிரலே பெரும்பாலான முடிவுகளை எடுத்தது. பயனர் என்ன வேலையில் இருக்கிறார் என்பது பயாஸுக்குத் தெரியாது. விசைப்பலகை சற்று நேரம் ஓய்ந்திருந்தால் கணினி ஓய்ந்திருப்பதாக அது கருதிவிடக்கூடும். 1996ஆம் ஆண்டு இறுதியில் இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் ஏசிபிஐ என்னும் புதிய வரையறையை வெளியிட்டன. அதன்படி முடிவெடுக்கும் பொறுப்பு இயங்குதளத்தின் கைக்கு மாறியது. எந்த நிரல் எந்தக் கருவியை நாடி நிற்கிறது என்பதைக் கருவே அறியும். அறிந்தவரிடம் பொறுப்பை ஒப்படைப்பதே முறை.

துயிலின் படிநிலைகள்

தனிக்கருவி ஒன்றின் நிலைகளை டி0 முதல் டி3 வரை ஏசிபிஐ பகுக்கிறது. டி0 முழு விழிப்பு. டி1, டி2 இடைப்பட்டவை. பல கருவிகளில் இவை இருப்பதில்லை. டி3 ஆழ்ந்த நிலை. அதற்குள்ளும் இரு வகை உண்டு. முதல் வகையில் கருவி வேலை செய்யாது. ஆயினும் மின்சாரம் எஞ்சியிருப்பதால் கருவின் அழைப்புக்கு மறுமொழி தரும். இரண்டாம் வகையில் மின்சாரமே துண்டிக்கப்படுகிறது. அப்போது கருவி தன் உள்ளமைப்புகளை எல்லாம் மறந்துவிடும். எனவே மின்சாரம் போகும் முன்னர் அவற்றைக் குறித்துவைப்பதும், மீண்டதும் எழுதிக் கொடுப்பதும் இயக்கியின் கடமைகளாகின்றன.

முழுக் கணினிக்கும் இவ்வாறே எஸ்0 முதல் எஸ்5 வரை நிலைகள் உள்ளன. அவற்றுள் நமக்கு இன்றியமையாதவை மூன்று. எஸ்3 நிலையில் நினைவகத்திற்கு மட்டும் மின்சாரம் தொடர்கிறது. மின்கலம் தீர்ந்தால் நினைவும் அழியும். எஸ்4 நிலையில் நினைவகத்தில் உள்ளதனைத்தும் வன்தட்டில் எழுதப்பட்டபின் மின்சாரம் நிறுத்தப்படுகிறது. மின்கலம் தீர்ந்தாலும் இழப்பில்லை. எஸ்5 என்பது அணைப்பு. அங்கே காக்கப்படும் நினைவு எதுவுமில்லை.

எண்ணிக்கையும் வரிசையும்

ஒரு கருவியைத் துயில விடலாமா என்பதைக் கரு எவ்வாறு அறிகிறது? பள்ளி நூலகத்தை எண்ணிப் பாருங்கள். உள்ளே நுழைவோர் பதிவேட்டில் ஒப்பமிடுகின்றனர். வெளியேறுவோர் தம் பெயரை அடித்துவிடுகின்றனர். பதிவேட்டில் ஒருவரும் எஞ்சவில்லை என்றால் விளக்கை அணைக்கலாம். லினக்ஸ் கருவும் இதையே செய்கிறது. கருவியை நாடும்போது ஓர் எண் ஒன்று கூடுகிறது. விடும்போது ஒன்று குறைகிறது. அவ்வெண் சுழியத்தை அடைந்தால் கருவி துயிலத் தகுதி பெறுகிறது. கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போதே கருவிகளைத் தனித்தனியே துயில வைக்கும் இப்பொது அமைப்பு, போலந்து நாட்டவரான ரஃபேல் விசோக்கியின் முயற்சியால் 2009ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த 2.6.32 பதிப்பில் லினக்ஸில் இடம்பெற்றது.

ஒப்பமிட்ட ஒருவர் பெயரை அடிக்க மறந்துவிட்டால் விளக்கு இரவெல்லாம் எரியும். திறன்பேசியின் மின்கலம் காரணமின்றித் தீர்வதற்கு இத்தகைய மறதி ஒரு காரணம். மாறாக, உள்ளே ஆளிருக்கும்போதே ஒருவர் பெயரை இருமுறை அடித்துவிட்டால் படித்துக்கொண்டிருப்பவர் இருளில் மூழ்குவார். முன்னது வீண்செலவு, பின்னது செயலிழப்பு.

வரிசையும் எண்ணிக்கைக்கு நிகரான முதன்மை உடையது. கருவிகள் ஒன்றையொன்று சார்ந்து மரம்போல் அமைந்திருக்கின்றன. யுஎஸ்பி கட்டுப்படுத்தி தாய் எனில், அதில் செருகிய சுட்டெலி சேய். சேய் துயின்ற பின்னரே தாய் துயிலலாம்; தாய் விழித்த பின்னரே சேய் விழிக்கலாம். பள்ளிக் காவலர் முதலில் வகுப்பறைகளையும், பின்னர்க் கட்டடத்தையும், இறுதியில் பெருவாயிலையும் பூட்டுவதும், காலையில் தலைகீழ் வரிசையில் திறப்பதும் இதனை ஒக்கும். முழுக் கணினியும் துயிலப் புகும்போது ஒரேயோர் இயக்கி இயலாது என்று மறுத்தாலும், கரு அம்முயற்சியைக் கைவிட்டு, அதுவரை துயின்றவற்றை மீண்டும் எழுப்பிவிடுகிறது.

துயிலுக்கும் விலை உண்டு. விழித்தெழ நேரமும் மின்சாரமும் வேண்டும். உடனே எழுப்ப நேர்ந்தால் சேமிப்பினும் செலவு மிகும். ஆதலால் சற்றுப் பொறுத்தே கருவியைத் துயில விடுவது வழக்கம். யுஎஸ்பி கருவிகளுக்கு லினக்ஸ் இயல்பாகக் குறித்துள்ள காத்திருப்பு 2 நொடிகள்.

நம் மாநிலத்திற்கு இது எவ்வாறு பொருந்தும்?

2019ஆம் ஆண்டில் சிங்கப்பூர் புதிய தரவு மையங்களுக்கு இடைத்தடை விதித்தது. 2022இல் அதனைத் தளர்த்தியது. இடைப்பட்ட காலத்தில் பல நிறுவனங்களின் பார்வை ஜொகூர் பக்கம் திரும்பியது. இன்று கூலாய் வட்டாரத்தின் செடெனாக் தொழில்நுட்பப் பூங்கா போன்ற இடங்களில் தரவு மையங்கள் பெருகியுள்ளன. அங்குள்ள கணினிகளை மடிக்கணினிபோல் மூடிவைக்க இயலாது. எந்த நொடியிலும் உலகின் எந்த மூலையிலிருந்தும் வேண்டுகோள் வரக்கூடும். முழுக் கணினியும் விழித்திருக்க, வேலையற்ற உறுப்புகள் மட்டும் ஆங்காங்கே சிறு துயில் கொள்வதே அங்கு வழி. நம் மாணவர்களுள் சிலர் நாளை அம்மையங்களில் பணியாற்றப் போகிறவர்கள். இக்கருத்துகளைத் தாய்மொழியில் எண்ணிப் பார்க்க அவர்களுக்குச் சொற்கள் வேண்டும்.

சொல் தேர்வு

‘உறக்கம்’ என்னும் ஒரே சொல்லால் எஸ்3, எஸ்4 ஆகிய இரண்டையும் குறித்தால் மேலே சொன்ன இழப்பு நேரும். தமிழில் சொற்பஞ்சம் இல்லை: தூக்கம், உறக்கம், துயில், அனந்தல், கண்படை, துஞ்சல் எனப் பல உள. ஆனால் பழமை ஒன்றே ஒரு சொல்லைக் கலைச்சொல்லாக்கத் தகுதி அன்று. ‘துஞ்சு’ என்பதை எடுத்துக்கொள்வோம். உறங்குதல், இறத்தல் ஆகிய இரண்டும் அதன் பொருள். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்னும் புறநானூற்று மன்னனின் பெயர் அவன் உறங்கிய இடத்தைச் சொல்லவில்லை. இறந்த இடத்தைச் சொல்கிறது. இறந்தாரைத் துஞ்சினார் என்பதை மங்கல வழக்கு என்று இலக்கணத்தில் கற்கிறோம். மீளும் நிலையையும் மீளா நிலையையும் ஒருங்கே குறிக்கும் சொல் கவிதைக்கு அழகு. கணினித் திரைக்கு இடர்.

ஆங்கில உருவகத்தை அப்படியே பெயர்ப்பதும் உதவாது. எஸ்4 நிலைக்கு ஆங்கிலம் வழங்கும் பெயர், பனிக்காலத்தில் வளைக்குள் முடங்கும் விலங்கின் நிலையைக் குறிப்பது. ஆண்டு முழுதும் வெயிலும் மழையுமாக உள்ள ஜொகூரின் குழந்தைக்குக் ‘குளிர்கால உறக்கம்’ என்றால் எந்தக் காட்சியும் தோன்றாது. அதைவிட முக்கியம், நினைவு வன்தட்டில் வைக்கப்படுகிறது என்னும் செய்தி அச்சொல்லில் இல்லை.

எஸ்3 நிலைக்கு ‘அறிதுயில்’ என்னும் சொல்லை முன்மொழிகிறேன். பாற்கடலில் பள்ளிகொண்ட திருமாலின் துயிலுக்கு மரபு தந்த பெயர் அது. நினைவு நீங்காது, அழைத்தால் எழும் துயில் என்பது அதன் பொருள். விசை ஒன்று அழுந்தியதும் எழக் காத்திருக்கும் கணினிக்கு இதனினும் பொருத்தமான சொல் அரிது. எஸ்4 நிலைக்கு, வங்கியில் இடும் வைப்பை நினைவூட்டும் வகையில் ‘வைப்புத்துயில்’ எனலாம். எஸ்5 நிலைக்கு ‘அணைப்பு’ என்னும் வழக்குச் சொல்லே போதும். இவற்றினும் சிறந்தவை கிடைப்பின் அவற்றை ஏற்பதில் தடையில்லை.

எந்தச் சொல்லை ஏற்பினும் ஆசிரியர்கள் அதனை மூன்று வினாக்களால் சோதிக்க வேண்டுகிறேன். இந்நிலையில் நினைவு எங்கே இருக்கிறது? கணினியை எழுப்ப வல்லது எது? மின்சாரம் அற்றுப்போனால் இழப்பது என்ன? இம்மூன்றுக்கும் விடை காணும் வழியை மாணவனுக்குக் காட்டும் சொல்லே நல்ல கலைச்சொல். அவ்வாறு காட்டாத சொல், எத்துணைத் தூய தமிழாயினும், அவன் எழுதிய கட்டுரையைக் காக்காது.